மணியை அறுத்தவன்



ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கரையில், ஆர்புரோத் ஊருக்கு எதிரே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் ஒரு பாறை இருக்கிறது. ஓதம் ஏறினால் அது நீருக்குள் மறைந்துவிடும். அவ்வூர்த் துறவு மடத்தின் தலைவர் மாலுமிகளை எச்சரிக்க அங்கே ஒரு மணியைக் கட்டினாராம். கடற்கொள்ளையன் ஒருவன் அதை அறுத்து எறிந்தானாம். பின்னொரு நாள், மணியோசை கேளாமல் அவன் கப்பலே அப்பாறையில் மோதி மூழ்கியதாம். இது பழங்கதை. 1811இல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. ஆனால் பாறைக்கு இன்றும் ‘மணிப் பாறை’ என்றே பெயர்.

ஆபத்தான இடங்களில் இன்றும் மணி மிதவைகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. மணியைச் சுற்றிச் சிறு சுத்தியல்கள் தொங்கும். அலை அசைக்க அசைக்க அவை மணியில் மோதும். அடிப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. கடல் எவ்வளவு கொந்தளிக்கிறதோ, அவ்வளவு பலமாக மணி ஒலிக்கும். பனிமூட்டத்தில் கண் தோற்கும் இடத்தில் காது வழி காட்டும்.

நம் வீட்டிலும் இப்படி ஒரு மணி இருக்கிறது. “இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தாயா?” என்று கேட்கும் தாய், “இந்தப் பணம் நமக்கு வேண்டாங்க” என்று சொல்லும் மனைவி. அந்தக் குரல் நமக்கு எரிச்சலூட்டுகிறது. அதட்டி அடக்கிவிடுகிறோம். வீடு அமைதியானது என்று மகிழ்கிறோம். அறுபட்டது மணி மட்டுமே. பாறை அங்கேயேதான் இருக்கிறது.

மணி மிதவைக்கும் ஒரு குறை உண்டு. காற்றும் அலையும் ஓய்ந்து, பனிமூட்டம் மட்டும் கவிந்த வேளையில் அது ஒலிக்காமல் போகலாம். மணி கேட்கவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று நல்ல மாலுமி எண்ணமாட்டான். நமக்கும் குறையின்றி வாழ்வு ஓடும் நாள்களில் மனச்சான்று மௌனமாகிவிடுகிறது. அப்போதுதான் நாம் விழித்திருக்க வேண்டும். அன்றாட ஆன்மச் சோதனையும் ஒப்புரவு அருட்சாதனமும் அதற்காகவே நமக்குத் தரப்பட்டுள்ளன.

இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன், நாம் வாயடைத்த ஒரு குரலை நினைத்துப் பார்ப்போம். அவரிடம் சென்று, “நீங்கள் சொன்னது சரிதான்” என்று சொல்வோம். புயலை அடக்கிய ஆண்டவர் நம் படகிலும் இருக்கிறார். அவர் அனுப்பும் எச்சரிப்பைக் கேட்கும் செவியை நமக்குத் தருவாராக. ஆமென்.