பூட்டும் கம்பியும்

(தோட்ட இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாவி தொலைந்துபோனால் நம்முடைய லயத்தில் என்ன நடக்கிறது? காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறோம். கொழுந்து மலையில் அது எந்தச் செடிக்கடியில் விழுந்ததோ தெரியாது. அந்திக்கு வந்து பார்த்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் பசியோடு வாசலில் நிற்கிறார்கள். யாராவது ஓர் அலவாங்கைக் கொண்டுவந்து கொண்டியை நெம்புகிறார். பூட்டு அசையாது. கதவு நிலைதான் பிளந்துபோகும். அந்த நிலை நம் தாத்தா காலத்துப் பலகை. அதை மாற்றித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் எத்தனை மாதம் நடக்க வேண்டும் என்பதை நாம் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

இந்தத் தொல்லை இல்லாமல் பூட்டைத் திறக்கலாம், பூட்டும் கெடாது, கதவும் உடையாது. இதை மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

கடையில் வாங்குகிற சாதாரணப் பித்தளைப் பூட்டின் நடுவே ஓர் உருளை இருக்கிறது. சாவி நுழைவது அதற்குள்தான். உருளையையும் வெளிக்கூட்டையும் சேர்த்து மேலிருந்து நான்கைந்து துளைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சின்ன ஆணிகள், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றை ஒரு சுருள்கம்பி கீழே அழுத்திக்கொண்டிருக்கும். மேல் ஆணி பாதி உருளைக்குள்ளும் பாதி கூட்டுக்குள்ளும் நிற்பதால் உருளை சுற்றாது. சரியான சாவியின் பற்கள் ஒவ்வோர் ஆணியையும் வேண்டிய அளவுக்கு மட்டும் தூக்கும். இரண்டு ஆணிகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றாக வந்ததும் உருளை சுற்றும், பூட்டு திறக்கும். ஆணி வைத்த மரப் பூட்டு பழைய எகிப்திலேயே இருந்தது. அதைச் சிறிய உலோகப் பூட்டாக்கித் தட்டைச் சாவி போட்டவர் அமெரிக்காக்காரரான லைனஸ் யேல். 1861லும் 1865லும் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

சரி, கம்பி போட்டால் ஏன் திறக்கிறது? துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. எந்த மெஷினில் துளைத்தாலும் மயிரிழை அளவு விலகிவிடும். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லா ஆணியும் ஒரே நேரத்தில் இறுகாது, ஏதாவது ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடித் தூக்கினால் மெல்ல 'டிக்' என்று உட்காரும். பிறகு அடுத்தது. விலை குறைந்த பூட்டில் இந்த விலகல் கூட, ஆகவே சீக்கிரம் திறந்துவிடும்.

இதற்கு இரண்டு சாமான் போதும், இரண்டையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முறிந்துபோன ஹெக்சோ பிளேட் நம் பெக்டரிப் பட்டறையில் கழித்துப் போட்டதாகக் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள். அதன் தடிப்பு சுமார் 0.6 மில்லிமீற்றர், சாவித்துளைக்குள் போக அது சரியான தடிப்பு. பற்களைச் சாணையில் தேய்த்து எடுத்துவிட்டு, முன்பாகத்தை ஒடுக்கி, நுனியைச் சின்னக் கொக்கியாக மேல்நோக்கி விடுங்கள். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் முறுக்குப் போய்விடும், பிறகு வளைந்துகொண்டே இருக்கும். சாணை இல்லாதவர்கள் பிளேட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டு அரத்தால் ராவலாம். வேலை சுலபம்தான், ஆனால் கம்பி மெத்தென்று இருக்கும், பழகிப் பார்க்கத்தான் உதவும். ஓரங்களை எமரித் தாளால் வழவழப்பாக்காவிட்டால் ஆணியைக் கீறிப் பூட்டையே கெடுத்துவிடும். உருளையைத் திருப்பிப் பிடிக்கப் பழைய குடையின் கம்பியை நுனியில் தட்டையாக அடித்து, 'ட' எழுத்து மாதிரி வளைத்துக்கொண்டால் போதும். புதிதாகப் பழகுகிற எல்லாரும் இந்தக் கம்பியைப் பலமாக அழுத்துகிறார்கள். கொழுந்து கிள்ளுகிற விரலின் பதம்தான் இதற்கு வேண்டும். அந்தப் பதம் நம் அக்காமாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"திருட்டு வேலையைக் கத்துக் குடுக்கிறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். லண்டனிலும் ஒருகாலம் இதே கேள்வி எழுந்தது. 1851ல் நடந்த மகா கண்காட்சிக்கு ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். யாராலும் திறக்க முடியாது என்று பெயர்பெற்ற சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். பிராமா என்ற கம்பெனி, எங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி தருகிறோம் என்று பல பத்தாண்டுகளாகக் கடையில் பலகை போட்டு வைத்திருந்தது. அதையும் 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்துத் திறந்தார். ஊரெல்லாம் ஒரே கூச்சல். கள்ளனுக்கு இது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிறவன்தான் என்பது ஹொப்ஸின் கட்சி. நமக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அதற்குப் பிறகுதான் பூட்டுச் செய்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் தம்பிமாரே, சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, குற்ற எண்ணத்தோடு ஒரு வீட்டின் பூட்டைத் திறந்து நுழைவதும் வீடுடைத்தல்தான். பூட்டு முறியவில்லை, கதவு உடையவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இரவில் கம்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுனில் சுற்றினால் பொலிஸுக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும். தோட்டத்துப் பையன் என்றால் அந்த விளக்கத்தை எத்தனை பேர் பொறுமையாகக் கேட்பார்கள்? அதனால் கம்பி பட்டறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள். அடுத்த காம்பராக்காரர் உதவி கேட்டால், வீட்டுக்காரரையும் லயத்தில் இன்னும் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு திறந்து கொடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு தோடு காணாமல் போனாலும் முதலில் உங்கள் பெயர்தான் அடிபடும்.

பூட்டு வாங்குவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த மதுரைச் சீமையில் திண்டுக்கல் என்று ஓர் ஊர், பூட்டுக்குப் பேர்போனது. மாங்காய்ப் பூட்டு என்று மாங்காய் வடிவிலேயே செய்வார்கள். இந்த ஆணி முறை அதில் இல்லை, உள்ளே நெம்புத் தகடுகள் இருக்கும். கையால் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நமக்குக் கிடைக்காவிட்டாலும், இருப்பதற்குள் கனமான பூட்டாகப் பார்த்து வாங்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் இரும்புப் பூட்டு துருப்பிடிக்கும், பித்தளை தாங்கும். பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் அது பிசின்போல் ஆகித் தூசியைப் பிடிக்கும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டு எடுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதுகோடு முதுகாகக் கட்டிய லயத்தில் காம்பராவுக்கு ஒரே வாசல். லயங்களில் தீப்பிடித்த செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு முனையில் பிடித்தால் கூரை வழியாக ஓடிவிடும். அந்த நேரத்தில் கம்பியும் உதவாது, கெட்டிக்காரத்தனமும் உதவாது. பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போகும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பிள்ளைக் காம்பராவில் விடுங்கள், இல்லாவிட்டால் பாட்டியிடம் விடுங்கள். இரவில் உள்ளே பூட்டுகிறவர்கள், இருட்டில் சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற ஆணியில் சாவியை மாட்டி வையுங்கள். இரண்டாவது சாவியை நம்பிக்கையான சொந்தத்திடம் கொடுத்து வையுங்கள். வாசற்படிக் கல்லுக்கடியில் வைத்தால் லயம் முழுக்கத் தெரியும்.

அடுத்த வகுப்பில் பூட்டைக் கழற்றி ஆணிகளைக் காட்டுவோம். வரும்போது வீட்டில் கிடக்கும் பழைய பூட்டு ஒன்று கொண்டு வாருங்கள். சாவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.