வேலூர் சிறையில் வந்த பதவி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? வாழ்க்கையில் இன்னும் மேலே போகவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

1940-இல் காமராஜர் கைதாகி வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941-இல் விடுதலையாகி ஊருக்குப் போனவர், அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். முழுசாகச் செய்யமுடியாத வேலைக்கு நாற்காலி எதற்கு என்பது அவர் கணக்கு.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அதே மனிதர் 1954-இல் முதலமைச்சர் ஆனார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கே தெரியுமா? நம்ம குடியாத்தத்தில்!

முதலமைச்சர் பதவிக்கான போட்டியில் காமராஜரிடம் தோற்றவர் சி. சுப்பிரமணியம்; சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரையுமே காமராஜர் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. 1963-இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையே விட்டார். அதன் பிறகுதான், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியப் பங்கு வகித்தார்.

முன்னேற ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நாளைக்கு உங்களுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தால், அதற்குப் போட்டியிட்டவரை முதலில் கூப்பிட்டு யோசனை கேளுங்கள்.