மந்திரித்த வீடும் மறைத்த அறையும்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு)



புதிதாக வீடு கட்டி முடித்ததும் நாம் முதலில் தேடுவது பங்குத்தந்தையை. அவர் வந்து தீர்த்தம் தெளித்து ஒவ்வோர் அறையாக மந்திரிக்கிறார். மாடியில் எழுப்பிய அறையையும், பின்னால் வாடகைக்கு விடப்போகும் பகுதியையும் மறக்காமல் அவருக்குக் காட்டுகிறோம். ஓர் அறைகூட ஆசீர் இல்லாமல் போய்விடக் கூடாது. ஆனால் அதே வீட்டுக்குச் சொத்து வரிப் படிவம் நிரப்பும்போது மாடி அறை காணாமல் போகிறது. வாடகைப் பகுதியும் நாம் குடியிருக்கும் பகுதியாகிவிடுகிறது. கடவுளுக்குக் காட்டிய அறையை ஊருக்கு ஏன் மறைக்கிறோம்?

இன்றைய நற்செய்தியில் சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அவர் ஒரு தெனாரியத்தைக் காட்டச் சொல்கிறார். கேட்டவர்கள் கையிலேயே அந்த நாணயம் இருந்தது. சீசரின் நாணயத்தால் வரும் வசதி வேண்டும், சீசருக்குரிய கடன் வேண்டாம் என்ற இரட்டை வாழ்வையே ஆண்டவர் சுட்டிக்காட்டினார்.

நம் மாநிலத்து நகரங்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அக்டோபரில் இரண்டாம் அரையாண்டு தொடங்கிவிட்டது. முதல் 30 நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு; தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. கிராமங்களில் ஊராட்சிக்கு வீட்டு வரி. புதிதாகக் கட்டினாலும், இருப்பதைப் பெரிதாக்கினாலும், உள்ளபடி தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. அளவை நாமே எழுதிக் கொடுக்கும் இடத்தில் நம் மனச்சான்றுதான் முதல் அதிகாரி.

அந்தப் பணம் எங்கே போகிறது? தெருவிளக்கு, சாலை, குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் உழைப்பு என்று நம் வாசலுக்கே திரும்பி வருகிறது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்கிறது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளை கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது அதனால்தான். நாம் மறைக்கும் ஓர் அறை அந்தப் பிள்ளையின் பங்கிலிருந்தும் எடுத்தது.

“கட்டி என்ன பயன்? சாக்கடை தெருவில் ஓடுகிறதே!” என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோவில் வரி கேட்டு வந்தபோது, தாம் கட்டத் தேவையில்லாதவர் என்று அறிந்தும் பேதுருவை அனுப்பிக் கட்டச் செய்தார் இயேசு. அதே கோவிலில் நடந்த அநீதியைத் துணிந்து கண்டித்தவரும் அவரே. நாமும் கட்டுவோம், கேள்வியும் கேட்போம். வரி அதிகம் என்றால் முறைப்படி மேல்முறையீடு செய்வோம். வரியைக் குறைக்க அலுவலருக்குக் கையூட்டு கொடுப்பது மட்டும் நமக்கு வேண்டாம். அது இன்னொருவரையும் பாவத்தில் இழுக்கும்.

வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரியிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு கோவிலுக்குத்தான், கோவிலுக்கு வருகிறவர் வீட்டுக்கு அல்ல.

புனித யோசேப்பை நினைப்போம். பெயரைப் பதிவு செய்யும்படி பேரரசர் அகுஸ்து கட்டளையிட்டபோது, நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவோடு அவர் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் புறப்பட்டார். சாக்குச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் போனார். பதிவு செய்யப் போன அந்த ஊரிலேயே மீட்பர் பிறந்தார்.

ஆகவே இந்த வாரம் நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்ப்போம். அதிலுள்ள அளவு உண்மையானதா? இறந்துபோன தந்தையின் பெயரிலேயே வீடு இன்னும் இருக்கிறதா? வரிக்கென்று வாடகைக்காரரிடம் வாங்கிய பணத்தைக் கட்டினோமா? தனியாக வாழும் விதவைத் தாய்க்கோ முதியவருக்கோ வரி கட்ட வழியில்லை என்றால், அன்பியத்தில் பேசி, அவர் கூச்சப்படாதபடி உதவுவோம்.

அடுத்த முறை பங்குத்தந்தை நம் வீட்டை மந்திரிக்க வரும்போது, அவருக்குக் காட்டும் ஒவ்வோர் அறையும் ஊருக்கும் காட்டக்கூடிய அறையாக இருக்கட்டும். நேர்மையாளரான யோசேப்பு நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.