துப்பாக்கி எண்ணெயும் தொழிலாளர் உரிமையும்

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலம் கடந்து வந்த தோட்டத்துக் கிராணிக்குத் துப்பாக்கி எண்ணெயைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். எண்ணெய் எங்களுக்குப் புதிதல்ல. ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினின் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டே தீர வேண்டும். அதே எண்ணெய் ஷீட்டில் பட்டால் ஷீட் கெட்டது. எந்த எண்ணெய், எவ்வளவு, எந்த இடத்தில் என்று அறிவதே தொழில்.

பழைய துப்பாக்கிக்கும் இதே விதிதான். குதிரை, விசை, வில் ஆகியவை உரசும் இடத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். மிஞ்சினால் கரி ஒட்டிப் பசையாகும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உலர்ந்துவிடும்; கட்டைக்கு ஆகும், விசைக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் சற்றுக் குளிர்ந்தாலே உறையும். உப்புக் கலந்த கொழுப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். குழலுக்கு மட்டும் வேறு கணக்கு. கருமருந்தின் கரியை இளக்கிவைக்க, மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு வேண்டும்.

அந்தக் குழல் மசகுதான் ஒரு சாம்ராஜ்யத்தை உலுக்கியது.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, காகிதத்தில் சுற்றி மசகு பூசியது. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். 1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில், மருந்துக் கிடங்குத் தொழிலாளி ஒருவர் சிப்பாயிடம் தண்ணீர்ச் செம்பைக் கேட்டார். சாதியைச் சொல்லி மறுத்தார் சிப்பாய். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகிறவருக்குச் சாதி ஏது என்று கேட்டார் தொழிலாளி. செய்தி தீயாய்ப் பரவிற்று.

அதிகாரிகள் விசாரித்தால், கன்ட்ராக்டர் தந்தது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கிடங்கில் ஒருவரும் சோதிக்கவில்லை! பிறகு, சிப்பாய்கள் தாங்களே மசகு பூசிக்கொள்ளலாம் என்றார்கள். பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்றார்கள். நம்பிக்கை போனபின் சலுகை எதற்கு உதவும்? ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் கொடுத்தது பழைய தோட்டாதான். ஆயினும் 90 பேரில் 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9இல் அவர்களுக்கு விலங்கிட்டார்கள். மே 10இல் மீரட் எழுந்தது. காரணங்கள் வேறு பலவும் உண்டு. ஆனால் பொறி விழுந்தது இங்கேதான்.

அன்று இந்தச் சிங்கப்பூரும் கல்கத்தாவுக்கு அடங்கிய கம்பெனி ஊரே. நம் இந்தியக் கைதிகள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். 1858இல் கம்பெனி ஆட்சி ஒழிந்தது. 1867 ஏப்ரல் 1இல் இவ்வூர் லண்டன் காலனி இலாகாவின் கைக்குப் போயிற்று.

தோழர்களே, கிடங்குக்காரர்களைக் குறைசொல்லும் முன் எங்கள் குற்றத்தையும் சொல்கிறோம். களைக்கொல்லி டின்கள் தோட்டத்துக்கு வந்தன. எத்தனை டின் என்று ஸ்டோர் புத்தகத்தில் எழுதினோம். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. டின்னின்மேல் தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. அதை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்கள் நம் தாய்மார்கள். நகம் கறுத்து, கண் எரிந்து அவர்கள் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பாராகுவாட் என்ற அந்த நஞ்சை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தொழிலாளர்கள் பல்லாண்டு போராடிய பிறகே அது நடந்தது.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதைத் தொடுபவர் வேறொருவர். தொடுகிறவரைக் கேட்காமல் தேர்ந்தெடுக்கக்கூடாது. நாளை எந்த டின் வந்தாலும் மூடி திறக்குமுன் கேளுங்கள்: இதில் என்ன இருக்கிறது? தமிழில் எழுதிக் கொடுங்கள்! கிராணிகள் நாங்களும் உங்களோடு நின்று கேட்போம்.