சொல்லை எடையிட்ட அம்மையார்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'மொழி படித்தவனுக்குப் பிழைப்பு ஏது? பெண்ணுக்கு மேற்படிப்பு எதற்கு?' என்று நம்மவர் வினவுவதை யான் பலகாலும் கேட்டிருக்கின்றேன். அதற்கு விடையாக ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அவர் பயின்றவை சரித்திரமும் தத்துவமுமே. சிறிது காலம் என்னைப் போலப் பள்ளியாசிரியராகவும் இருந்தார். பின்னர் மார்கரெட் மாஸ்டர்மன் அம்மையாரின் மொழியாராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, ஒருபொருட் பல சொற்களை வகைப்படுத்தும் முறையை ஆராய்ந்து, 1964இல் டாக்டர் பட்டம் பெற்றார். நிகண்டு பயின்ற நமக்கு இப்பொருள் அயலதன்று.

1972இல் அவர் எழுதிய கட்டுரையொன்று பெரும்பயன் விளைத்தது. அதன் கருத்தை நம் இதழைக் கொண்டே விளக்குவேன். 'சங்கம்' என்னுஞ் சொல் எல்லா இதழிலும் உண்டு. அதனைக் கொண்டு ஓரிதழைத் தெரிந்தெடுத்தல் இயலாது. 'ஏற்றம்' என்னுஞ் சொல் இரண்டே இதழ்களில் வருமாயின், தேடுவோன் கைக்கு அவ்விரண்டும் உடனே அகப்படும். ஆகவே, அருகி வருஞ் சொல்லுக்கு எடை மிகுதி. எங்கும் வருஞ் சொல்லுக்கு எடை குறைவு. பிற்காலத்துத் தேடுபொறிகள் பலவற்றிற்கு இந்நெறி அடிப்படையாயிற்று.

இத்துணை செய்தவர்க்கு நிலையான பதவி எளிதிற் கிட்டியதோ? இல்லை. பல்லாண்டுகள் குறுகிய கால நிதியுதவிகளைக் கொண்டே ஆராய்ச்சி செய்தார். பேராசிரியர் பதவி 1999இல், அறுபது வயது கடந்த பின்னரே வந்தது. 2002இல் ஓய்வுற்று, 2007இல் காலமானார். கணிப்பொறித் துறையை ஆடவர் கையில் மட்டும் விட்டுவிடலாகாது என்பது அவர் கொள்கை.

அன்பர்களே! சென்ற ஆண்டு என் வகுப்பில் தமிழில் முதல்வியாக நின்ற பெண்ணொருத்தியின் படிப்பு, பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. அவள் தந்தையாரிடம் ஒரு சொல் கூறியிருக்கலாம், வாளாவிருந்தேன். அப்பிழை என்னுடையது.

நம் கல்வி நிதி அத்தகைய பெண்மக்களுக்குச் செல்லுக. ஓராண்டுக்கு மட்டுமன்று, படிப்பு முடியுமளவும் செல்லுக. அருகி வருவதன் எடையை நாமும் அறிவோமாக.