வேட்கையின் இருப்பிடம்



ஐந்தாம் திருநாளாகிய இன்று புலனடக்கம் குறித்துப் பேசுமாறு அன்பர்கள் பணித்தார்கள். இனிக் குடிப்பதில்லை என்று காலையில் ஆணையிட்டவன் மாலையில் மீண்டும் குடிக்கிறான். நெஞ்சுறுதியற்றவன் என்று இகழ்ந்து நாம் அகன்றுவிடுகிறோம். அவன் தலைக்குள் நிகழ்வது யாது என்று அறிந்த பின்னர் இகழ்வோமாக.

1954 ஆம் ஆண்டில், கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் அறிஞர் இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, அவ்வெலியே ஒரு நெம்புகோலை அழுத்திச் சிறு மின்சாரம் பெறுமாறு செய்தனர். எலி ஓயாது அழுத்திற்று. பின்வந்த ஆய்வுகளிலே பசித்த எலியும் உணவை விடுத்து நெம்புகோலையே நாடிற்று. இன்பத்தின் ஊற்றைக் கண்டோம் என்று பலரும் மகிழ்ந்தனர். சற்றே அவசரப்பட்ட மகிழ்ச்சி அது. அப்பகுதியிலே தொழிற்படும் டோபமின் என்னும் வேதிப்பொருள் இன்பத்தைக் காட்டிலும் வேட்கைக்கே உரியது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் 1990களில் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். முதலில், பழச்சாறு நாவிற் பட்டபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருமுன் விளக்கு ஒளிரும் என்று குரங்கு கற்ற பின்னரோ, விளக்கைக் கண்டதும் துடித்தன. சாற்றைப் பருகும்போது வாளாவிருந்தன. ஒளி தோன்றியும் சாறு வாராதபோது துடிப்பு இயல்பிற்கும் கீழே தாழ்ந்தது. மதுக்கடையின் பலகையைக் கண்ட மாத்திரத்தில் ஒருவன் கால் தானே திரும்புவது ஏன் என்பது இப்பொழுது விளங்குகிறதன்றோ?

மடியிலே கைபேசி வைத்திருப்போர் சினங்கொள்ளலாகாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே உயிரை மிகுதியும் பிணிக்கும் என்பதை ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு முன்பே காட்டினார். தள்ளத் தள்ள முடிவுறாத திரையை 2006 இல் வகுத்த அசா ராஸ்கின் என்பாரே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

ஆயினும் மூளை மட்டுமே முழுக்காரணமன்று. வியட்நாம் போரிலிருந்து 1971 இல் தாயகம் மீண்ட அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவ்வாறு அடிமைப்பட்டிருந்தோருள், ஓராண்டிற்குள் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவரளவே! பெரும்பாலோர் மருத்துவம் பெற்றவருமல்லர். போர்க்களமும், மலிவாய்க் கிடைத்த பொடியும், உடனிருந்து புகைத்த தோழரும் கடலுக்கப்பால் நின்றுவிட்டனர்.

நம் வீட்டுப்பிள்ளையோ மருத்துவமனையினின்று அதே தெருவுக்கே திரும்புகிறான். அவன் மீளும் அன்று மாலையில், உங்களில் ஒருவர் அவனுடன் வேறு தெரு வழியாக இச்சந்நிதிவரை நடந்து வாருங்கள்.