கொடுத்துவிட்டாள்



ஆங்கிலத்தைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, அம்மொழியில் சிறந்த கட்டுரை எழுதவல்ல தமிழர் பலர், ஆங்கிலேயரின் வீட்டுப் பேச்சைக் கேட்டதும் திகைத்து நிற்பதுண்டு. அவர்களைத் தடுப்பவை அரிய சொற்கள் அல்ல. 'புட்', 'டேக்', 'கெட்', 'கிவ்' என்னும் எளிய வினைகளும், 'அப்', 'ஆஃப்', 'அவுட்' என்னும் சிறுசொற்களும் கூடி நிற்கும் இடமே தடுக்கிறது. 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் உடன். மூன்றும் சேர்ந்த 'புட் அப் வித்' என்பதோ பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும். உறுப்புகளின் பொருளைக் கூட்டி முழுமையின் பொருளை அடைய வழியில்லை.

இவ்வியல்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயலார்க்கு மிகுந்த இடர் தருவது இத்தகைய கூட்டே என்று குறித்தார். இதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925இல் தம் நூலில் வழங்கியவர் லோகன் பியர்சல் ஸ்மித். அப்பெயரைப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி. தமிழில் இதனைத் தொடர்வினை எனலாம்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் சொற்களும் அம்மொழியில் பெருவாரியாகக் குடியேறின. அதனால் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் அமைந்தன. விளக்கை அணைப்பது வீட்டில் 'புட் அவுட்', ஏட்டில் 'எக்ஸ்டிங்க்விஷ்'. காரியத்தைத் தள்ளிப்போடுவது வீட்டில் 'புட் ஆஃப்', அலுவலகத்தில் 'போஸ்ட்போன்'. இந்திய வகுப்பறைகள் பெரிதும் கற்பித்தவை இரண்டாம் வகைச் சொற்களையே. இங்கே வேரூன்றிய சில தொடர்வினைகளும் வேறு பொருள் பெற்றன. கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனதாக ஒரு பட்டதாரி பெருமையுடன் சொன்னால், இலண்டனில் கேட்பவர் அவர் மயங்கி விழுந்ததாக எண்ணி இரங்குவார்.

இவையெல்லாம் மொழி கற்போரின் இடர்கள். மொழிபெயர்க்கும் கவிஞருக்கு இதனினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. 'கிவ் அப்' என்னும் ஒரு தொடரே அதனை விளக்கப் போதும்.

புகைப்பதை ஒருவர் 'கிவ் அப்' செய்தால், தமிழில் அவர் அதை விட்டுவிட்டார். பேருந்தில் ஒரு மூதாட்டிக்கு இருக்கையை 'கிவ் அப்' செய்தால், விட்டுக்கொடுத்தார். மருத்துவர்கள் நோயாளியை 'கிவ் அப்' செய்தால், கைவிரித்தனர். குற்றவாளி தன்னையே காவலரிடம் 'கிவ் அப்' செய்தால், சரணடைந்தான். செயப்படுபொருள் ஏதுமின்றி ஒருத்தி 'கிவ் அப்' செய்தாள் என்றால், மனம் தளர்ந்து ஓய்ந்தாள். ஆங்கிலம் ஒரு தொடரால் முடிக்கும் வேலைக்குத் தமிழ் ஐந்து வினைகளைத் தருகிறது. தமிழின் வளம் இது. மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டும் இதுவே. ஆங்கிலம் சொல்லாமல் விட்டதை அவர் தேர்ந்து சொல்லியாக வேண்டும்.

வறுமையாலோ ஊராரின் பழிக்கு அஞ்சியோ தன் குழந்தையைப் பிறரிடம் ஒப்படைத்த தாயைப் பற்றியும் ஆங்கிலம் 'கிவ் அப்' என்றே பேசும். இதனைத் தமிழாக்கும்போது 'கைவிட்டாள்' என்று எழுதினால், அத்தாய் அக்கணமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். 'தத்துக் கொடுத்தாள்' என்றால் சட்டம் பேசும், வலி மறையும். 'துறந்தாள்' என்றால் அவளுக்கு இல்லாத துறவுக்கோலம் வந்துவிடும். 'விட்டுக்கொடுத்தாள்' என்றால் ஏதோ வழக்கில் இணங்கிப் போனது போலாகும். ஒரு வினையின் தேர்வில் ஒரு பெண்ணின் மீதான தீர்ப்பே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத் தொடரும் முற்றிலும் நடுநிலையானதன்று. அதில் ஒதுக்கலின் நிழல் உண்டு என்று கருதி, தத்தளிப்புத் துறையினர் பலர் இன்று அதனைத் தவிர்க்கின்றனர்.

அப்படியானால் தமிழ் என் செய்யும்? விடை தமிழின் துணைவினைகளில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'அப்' பல இடங்களில் மேல்நோக்கிய திசையைச் சுட்டுவதில்லை. செயல் முற்றுப்பெற்றதையே சுட்டுகிறது. 'ஈட் அப்' என்பது தின்று தீர்ப்பது; 'டிரிங்க் அப்' என்பது குடித்துவிடுவது. தமிழில் அப்பணியைச் செய்வது 'விடு'. ஆகவே 'கொடுத்துவிட்டாள்' என்று எழுதிப் பார்க்கலாம். 'கொடு' என்பதில் அவள் கை நீள்கிறது. 'விடு' என்பதில் இனி மீட்பில்லை என்பது தெரிகிறது. பழியும் இல்லை, புகழும் இல்லை. அன்றாடம் அடுக்களையில் வழங்கும் சொல்லே அங்கு பொருந்தி நிற்கிறது.

'பொறுத்தாள்' என்பதற்கும் 'பொறுத்துக்கொண்டாள்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழ்க் காது அறியும். முன்னது ஒரு பண்பைக் கூறும். பின்னது ஒரு வாழ்க்கையைக் கூறும். 'போனான்', 'போய்விட்டான்', 'போய்த் தொலைந்தான்' ஆகிய மூன்றிலும் ஒருவன் வாசலைக் கடக்கிறான். பின்னால் நிற்பவர் மனம் மூன்றிலும் வேறு. திசைச்சொல்லை வினையோடு இணைப்பதும் தமிழுக்குப் புதிதன்று. மேற்கொள், உட்கொள், முன்வை, பின்வாங்கு என்பன அவ்வாறு அமைந்தவையே.

எனவே, செறிவு வேண்டித் துணைவினைகளைக் களைந்தெறியும் கவிஞர், ஒவ்வொன்றையும் களையுமுன் அது சுமந்திருப்பதை எடைபோட்டுப் பார்த்தல் நலம். ஆங்கிலத் தொடர்வினையைத் தமிழாக்குவோர், அகராதி காட்டும் முதற்பொருளோடு நின்றுவிடாமல், அச்சூழலில் ஒரு தமிழ்த்தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று செவிசாய்த்தல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், வரும் ஆண்டுகளிலும் சொல்லை நிறுத்தறிந்து வழங்கும் அவையாக வளர்க.